அந்த இரண்டாவது மாத்திரை

ஆசிரியர் அவர்களுக்கு,

மனச்சோர்வு பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் தூக்கமின்மை, பசியின்மை, அழுகை எல்லாம் இருந்தன. என் அம்மாவுக்கு வந்தது மட்டும் இல்லை.

அம்மாவுக்கு அப்போது 68 வயது. கையில் காசே இல்லை, குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துவிட்டது என்று சொல்லிச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைக்க ஆரம்பித்தார். நான் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவன். அவருடைய பாஸ்புக்கில் வரவு பதிந்து எடுத்துப்போய்க் காட்டினேன். தேதி முத்திரையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது கள்ள முத்திரைடா" என்றார். அப்புறம், குடல் அழுகிப்போச்சு, எனக்கு எதற்குச் சோறு என்றார்.

மனநல டாக்டர் இரண்டு மாத்திரை எழுதினார். சோர்வுக்கு செர்ட்ரலின், யார் சொன்னாலும் அசையாத அந்தப் பொய் நம்பிக்கைக்கு ஓலன்சபின். இந்த வகைச் சோர்வுக்கு ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்றார். ஏழாவது வாரம் அம்மா வாய்விட்டு ரசம் சாதம் கேட்டார்.

நான்கு மாதம் கழித்து மருந்துக்கடைத் தம்பி சீட்டைப் பார்த்து, "இது பைத்தியத்துக்குக் குடுக்கிறதாச்சே சார்" என்றான். அத்தையும் அதையே சொன்னார். அம்மாவுக்கு எடையும் ஆறு கிலோ ஏறியிருந்தது. டாக்டரைக் கேட்காமல் ஓலன்சபினை நிறுத்தினேன். தப்பு என்னுடையதுதான். இரண்டே மாதத்தில் மறுபடி பாஸ்புக், மறுபடி கள்ள முத்திரை.

டாக்டர் திட்டவில்லை, ஒரு கணக்குச் சொன்னார். 2019-இல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வு. இந்த இரண்டு மருந்தாலும் குணமான 126 பேரில் ஒரு பகுதியினருக்கு ஓலன்சபினுக்குப் பதில் வெற்று மாத்திரை. 36 வாரத்துக்குள் அவர்களில் சுமார் 55 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இரண்டையும் தொடர்ந்தவர்களில் 20 சதவீதம். எடை கூடுவதும் உண்மைதான்; அதற்குத்தான் எடை, சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அவ்வப்போது பார்க்கச் சொல்கிறார். குறைப்பதாக இருந்தாலும் அவர் பார்த்துத்தான் குறைப்பார்.

இதையும் ஒருநாள் விரிவாக எழுதுங்கள். எங்களைப் போல முழிப்பவர்களுக்கு அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணையும் சேர்த்துப் போடுங்கள். டாக்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இரண்டாவது மாத்திரை எதற்கு என்று சீட்டிலேயே தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

என் பெயரையும் ஊரையும் போட வேண்டாம். அம்மா இப்போது தினமும் உங்கள் பேப்பரைத்தான் முதலில் எடுக்கிறார்.

ஒரு வாசகர்