போர்வை போதும், பாட்டு எண்ணைச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையில் ஒரு படம் வந்ததாம். ஏதோ ஒரு சபையில் பார்வையற்றோரை வரிசையாக உட்காரவைத்து ஆளுக்கொரு போர்வையும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுக்கிற படம். காலையில் காப்பி குடிக்கும்போது என் மகள் வாசித்துச் சொன்னாள். "கொடுக்கிறவங்க எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாங்கப்பா, வாங்குறவங்க ஒருத்தரும் பார்க்கலை" என்றாள். பார்க்க முடிந்தால் எதற்கு அந்த வரிசையில் உட்காரப் போகிறார்கள் என்றேன், இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் நாள் முழுக்க அந்தப் படம் என்னை விடவில்லை. அதனால்தான் கைப்பேசியிடம் பேசிப் பேசி இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அது கைப்பேசியின் பிழை, கருத்துப்பிழை மட்டும் என்னுடையது.

நான் பிறவியிலேயே பார்வை இல்லாதவன். பாளையங்கோட்டை பார்வையற்றோர் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்தேன், அப்புறம் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றேன். எங்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்று கேட்டால் நான் முதலில் சொல்லவேண்டியது திருச்சபையைத்தான். அந்தப் பள்ளியை 1890-இல் தொடங்கியவர் ஆஸ்க்வித் என்கிற மிஷனரி அம்மையார். இந்தியாவின் முதல் பார்வையற்றோர் பள்ளியும் அதற்கு 3 வருஷம் முன்பு, 1887-இல், ஆனி ஷார்ப் என்கிற இன்னொரு மிஷனரிப் பெண்மணி அமிர்தசரஸில் தொடங்கியதுதான். கண் தெரியாத பிள்ளை என்றால் திண்ணையில் உட்காரவைத்துச் சோறு போட்டால் போதும் என்று ஊரே நினைத்த காலத்தில், அந்தப் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்தார்கள். எங்கள் தாலுகாவில் அதைக் குருட்டுப் பள்ளிக்கூடம் என்றுதான் சொல்வார்கள், எங்களுக்கும் அப்போது அது வசவாகத் தெரிந்ததில்லை.

பிரெய்ல் எழுதுவதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? கெட்டியான தாளைச் சட்டத்துக்குள் மாட்டி, ஊசியால் குத்திக் குத்தி வலமிருந்து இடமாக எழுதவேண்டும். தாளைத் திருப்பினால் புள்ளிகள் மேலெழும்பி நிற்கும், அதை இடமிருந்து வலமாகத் தடவி வாசிக்கவேண்டும். மொத்தம் 6 புள்ளிதான். 'அ'வுக்கு ஒரே ஒரு புள்ளி. ஏழு வயதில் அந்த ஒரு புள்ளியை நானே குத்தித் திருப்பித் தடவிப் பார்த்தபோது விரல்நுனியில் ஒரு கடுகு உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. ஞாயிறு மதியங்களில் வார்டன் பாமாலை என்கிற எங்கள் ஆராதனைப் பாட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பாட்டை மெதுவாகச் சொல்லச் சொல்ல, நாங்கள் பத்துப் பதினைந்து பேர் டொக்கு டொக்கு என்று குத்தி எடுப்போம். அப்படி நான் சேர்த்தது 64 பாட்டு. இன்றும் என்னிடம் இருக்கிறது, சில பக்கங்களில் புள்ளி அமுங்கித் தாள் வழவழவென்று ஆகிவிட்டது, ஆனால் அவை மனப்பாடம் என்பதால் கவலையில்லை.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் போகிற தேவாலயத்தில், எங்கள் பேச்சில் கோயிலில், முன்பெல்லாம் குருவானவர் பாட்டு எண்ணைச் சொல்வார். "பாமாலை நூற்றிருபது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு முதல் வரியையும் வாசிப்பார். ஆர்மோனியம் ஆரம்பிப்பதற்குள் நான் பையிலிருந்து என் தாளை எடுத்துவிடுவேன். சேர்க்காத பாட்டாக இருந்தாலும் முதல் வரி காதில் விழுந்துவிட்டால் மீதி எப்படியோ வந்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன் பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய எல்.இ.டி. திரை வைத்தார்கள். நல்லதுதான், வயதானவர்களுக்குப் பாட்டுப் புத்தகத்தின் பொடி எழுத்து தெரிவதில்லை. ஆனால் அன்றிலிருந்து எண் சொல்வது நின்றுபோனது. கீபோர்டில் கை வைக்கிறார்கள், எல்லாரும் திரையைப் பார்த்துப் பாடுகிறார்கள். என் மனைவிக்குக் கண் தெரியும், ஆனால் எங்கள் பக்கக் கோயில்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவள் அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு எப்படி வரி எடுத்துக் கொடுப்பாள்? ஐம்பது வருஷமாகப் பாடியவன் இப்போது கடைசி வார்த்தையை மட்டும் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்கிறேன்.

கமிட்டியில் போய்ச் சொன்னேன். ஒருவர் ரொம்ப மரியாதையாக, "உங்களுக்குத்தான் முன்னால ஃபேனுக்குக் கீழ சேர் போட்டிருக்கோமே அண்ணாச்சி" என்றார். அவர் மனசில் ஒன்றும் இல்லை, நல்ல மனுஷன். காற்று வருகிறது, பாட்டு வரவில்லையே என்றேன். அப்புறம் பாட்டுப் புத்தகத்தின் பி.டி.எஃப். அனுப்பினார்கள். திரையில் உள்ள எழுத்தை வாசித்துச் சொல்கிற என் கைப்பேசி, அதைத் திறந்தால் "படம், படம், படம்" என்று சொல்லிக்கொண்டே போனது, ஏனென்றால் அது ஸ்கேன் செய்த பக்கம். இன்னொருவர் டைப் அடித்த கோப்பைத் தேடி அனுப்பினார். அது, கைப்பேசி தமிழாகவே வாசிக்கிற யூனிகோடு எழுத்துமுறை வருவதற்கு முன் இருந்த பழைய எழுத்துரு. உங்கள் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது என் காதுக்கு "எல், கே, அரைப்புள்ளி, ஜே" என்று ஆங்கில எழுத்தாக வந்து விழும். அந்த ராகத்தில் பாமாலையைப் பாட நான் இன்னும் பழகவில்லை.

யூனிகோடில் ஒரு தடவை அடித்துக் கொடுத்தால் போதுமே என்று கேட்டால், காப்பிரைட் பிரச்சினை வரும் என்றார் மூன்றாமவர். வராது. 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோதே, லாப நோக்கம் இல்லாமல் எங்களைப் போன்றவர்கள் வாசிக்கும் வடிவத்துக்கு ஒரு நூலை மாற்றிக்கொள்ள 52-ஆம் பிரிவில் இடம் கொடுத்துவிட்டார்கள். 2013-இல் வந்த மராகேஷ் உடன்படிக்கை என்பதும் இதற்காகத்தான், அதை 2014-இல் உலகிலேயே முதல் நாடாக உறுதிசெய்தது இந்தியா. பிரெய்ல் புத்தகத்தைத் தபாலில் அனுப்பினால் 7 கிலோ வரை ஸ்டாம்ப் கூட ஒட்டவேண்டாம். அரசாங்கம் இவ்வளவு வழிவிட்டிருக்கிறது, நம் கமிட்டி ரூம் கதவுதான் திறக்கமாட்டேன் என்கிறது.

இதே கோயிலில் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகை அன்று எனக்குத் தவறாமல் போர்வை வரும். கிறிஸ்துமஸுக்கு ஒன்று, வாலிபர் சங்கத்தார் வீடு தேடி வந்து தருவது ஒன்று. திருநெல்வேலி வெயிலில் மூன்று போர்வையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டிக்குக் கூட ஒன்று போர்த்தியாகிவிட்டது. போர்வை தேவைப்படுகிறவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள், ரயிலில் ஊதுபத்தி விற்கிற என் பழைய கூட்டாளிகளுக்குக் கொடுங்கள், நானே கூட வந்து கொடுக்கிறேன். எனக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் என் வருத்தம்.

கன்வென்ஷன் கூட்டங்களில் இன்னொரு தொல்லை. முன்பின் தெரியாதவர்கள் திடீரென்று தலையில் கை வைத்து ஜெபிக்க ஆரம்பிப்பார்கள். கண்ணைத் திற, விசுவாசி என்பார்கள். திறக்கவில்லை என்றால் என் விசுவாசம் போதாது என்று அவர்களே ஒரு காரணமும் கண்டுபிடித்துவிடுவார்கள். பைபிளில் வருகிற கண்தெரியாத பர்திமேயுவைப் பற்றி நான் கேட்ட பிரசங்கத்துக்குக் கணக்கே இல்லை. அவன் கூப்பிட்டபோது பேசாமல் இரு என்று அதட்டியது கூட்டம்தான். இயேசு அவனைக் கூப்பிட்டு, "நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்" என்று கேட்கிறார். கண் தெரியாதவன் ஒருவன் எதிரே நிற்கிறான், என்ன வேண்டும் என்று அவருக்கே தெரியாதா? தெரிந்தும் கேட்டார். பர்திமேயு பார்வை கேட்டான். நான் பாட்டு எண் கேட்கிறேன், இது அதைவிடச் சுலபமான அற்புதம்.

இது கிறிஸ்தவர்களின் சமாச்சாரம் மட்டும் என்று யாரும் நினைக்கவேண்டாம். விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரன் திருவாரூர்ப் பக்கத்துச் சைவப் பையன். அவன்தான் தண்டியடிகள் கதையைச் சொன்னான். பிறவியிலேயே பார்வையில்லாத அந்த நாயனார் திருவாரூர்க் குளத்தைத் தோண்டப் போனபோது, குளத்துக்குள் ஒரு கோல், கரையில் ஒரு கோல் நட்டு நடுவில் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண் சுமந்தாராம். கடைசியில் பார்வை வந்தது என்பதைப் பெரியவர்கள் அழுத்திச் சொல்வார்கள். எங்கள் இருவருக்கும் பிடித்தது கயிறுதான். ராத்திரி கழிவறைக்குப் போக விடுதித் தாழ்வாரத்தில் நாங்களும் அதேபோல ஒரு கயிறு கட்டி, வார்டனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். தண்டியடிகளோடு பகைத்தவர்கள் அந்தக் கயிற்றையும் கோலையும் பிடுங்கிப் போட்டார்கள் என்றும் கதையில் வரும். எங்கள் கோயிலில் திரை வந்த அன்று எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வந்தது. பகை எல்லாம் ஒன்றும் கிடையாது, பிடுங்கியதே அவர்களுக்குத் தெரியாது.

செலவில்லாத காரியங்கள் நிறைய இருக்கின்றன. பாட்டு எண்ணையும் முதல் வரியையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சபை வாட்ஸப் குழுவில் அறிவிப்பைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள், கல்யாணமா அடக்கமா என்று தெரியாமல் நான் எத்தனை தடவை விழித்திருக்கிறேன். திருவிருந்துக்குப் போகும்போது பின்னாலிருந்து தோளைப் பிடித்துத் தள்ளாதீர்கள், உங்கள் முழங்கையைக் கொடுங்கள், நான் பிடித்துக்கொண்டு வருகிறேன். முக்கியமாக, வேத பாடம் வாசிக்கிற பட்டியலில் எங்கள் பெயரையும் போடுங்கள். எங்களுக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கச் சொல்லிக்கொடுத்ததே நம் திருச்சபைதான், அதை ஞாபகப்படுத்தவேண்டி இருப்பதுதான் வேடிக்கை.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். குவயரில் பாடுகிற கல்லூரிப் பையன் ஒருவன், இந்தப் புலம்பலைக் கேட்டுவிட்டு, இப்போது இரண்டு மாதமாகச் சனிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு மறுநாள் பாட்டுகளை யூனிகோடில் அடித்து எனக்கு அனுப்புகிறான். கமிட்டி சொல்லி அல்ல, அவனாக. போன சனிக்கிழமை அவனுக்குப் பரீட்சை, அனுப்ப மறந்துவிட்டான். ஞாயிறு காலை எழுந்து, நான் குளிக்கப் போகுமுன் போன் அடித்து, நாலு பாட்டின் முதல் சரணத்தையும் அவசர அவசரமாக வாசித்தான். இரண்டாவது பாட்டில் ஒரு வரியை விட்டுவிட்டான், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.