செயலரின் ஆண்டறிக்கை: வார நாட்களில் விசுவாசம்

கிறிஸ்துவுக்குள் அன்பான தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, ஐக்கியத்தின் சகோதர சகோதரிகளே, உங்கள் அனைவருக்கும் என் வாழ்த்துகள். இந்த ஆண்டும் நம்மைக் காத்து நடத்திய ஆண்டவருக்கு நன்றி கூறி, அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

வேதாகமத்தை அதிகாரம் அதிகாரமாகப் படித்துவந்த முறையைச் சற்று மாற்றிப் பார்ப்பது என்று கடந்த பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அதன்படி, உறுப்பினர்கள் வேலையிலும் வீட்டிலும் தாங்கள் எதிர்கொள்ளும் கேள்வியைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கேற்ற வேதபகுதியை எல்லோரும் சேர்ந்து படித்தோம். கற்பனைக் கேள்விகளைத் தவிர்த்தோம். கொண்டுவந்தவர் உண்மையிலேயே முடிவெடுக்க வேண்டிய ஒன்றாக அது இருக்க வேண்டும், கேட்டதை யாரும் வெளியே பேசக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். இந்த அறிக்கையிலும் யார் பெயரும் இல்லை.

ஆண்டு முழுவதிலும் நம்மை அதிகம் சிந்திக்கவைத்தது கணக்குப் பிரிவில் பணிபுரியும் ஒரு சகோதரரின் கேள்வி. முடிந்துபோன நிதியாண்டில் வரும்படி ஒரு பில்லுக்கு உண்மையான தேதிக்கு முந்தைய தேதியைப் போட்டு எழுதச் சொல்லியிருந்தார் அவருடைய மேலதிகாரி. இதனால் யாருக்கும் நட்டம் இல்லை, எல்லா இடத்திலும் நடப்பதுதான் என்பது அவர் சொன்ன காரணம். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13-ஐச் சிலர் காட்டினார்கள். வேலையையே விட்டுவிட வேண்டும் என்றார் ஒருவர். விடப்போவது பிறர் வேலை என்றால் இப்படிச் சொல்வது எளிது.

அன்று ஜான் வுல்மனைப் பற்றிப் பேசினோம். 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றத்தில் வாழ்ந்தவர் அவர்; குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். இளவயதில் கடையில் வேலை பார்த்தபோது, அடிமைப் பெண் ஒருத்தியை விற்பதற்கான பத்திரத்தை எழுதச் சொன்னார் முதலாளி. மனம் உறுத்த எழுதிக்கொடுத்தார்; அடிமை வைத்திருப்பது கிறிஸ்தவ விசுவாசத்துக்கு ஒவ்வாது என்று அப்போதே சொல்லவும் செய்தார். பின்னர் வேறொருவர் அப்படியொரு பத்திரம் கேட்டபோது மறுத்துவிட்டார். அடிமைகளை வாரிசுக்கு எழுதிவைக்கும் உயில்களையும் எழுத மறுத்தார். ஆனால் கேட்டு வந்தவர்களைப் பகைக்கவில்லை. அவர்களோடு உட்கார்ந்து பேசினார். சிலர் மனம் மாறி அடிமைகளை விடுவித்தார்கள். அவர் 1772-இல் இறந்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அடிமை வைத்திருப்பவர்கள் சபையில் உறுப்பினராக இருக்க முடியாது என்று பிலடெல்பியா குவேக்கர்கள் முடிவெடுத்தார்கள்.

நம் சகோதரருக்கு இதில் பிடித்தது, மறுத்த பிறகும் வுல்மன் உட்கார்ந்து பேசினார் என்பதுதான். அவர் மேலதிகாரியிடம் போய், தேதியை மாற்றமாட்டேன் என்று சொன்னார். பொருள் அந்த நிதியாண்டிலேயே வந்து சேர்ந்திருப்பதால், பில்லின் உண்மையான தேதியோடு அதைக் கொடுபட வேண்டிய செலவாகக் காட்ட முடியும் என்பதையும் விளக்கினார். மேலதிகாரி ஒத்துக்கொண்டார். தொழிலை நன்றாகத் தெரிந்துவைத்திருப்பதும் விசுவாச வாழ்க்கையில் சேர்ந்ததுதான் என்று இந்த ஆண்டில் நான் உறுதியாக நம்பத் தொடங்கியிருக்கிறேன்.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. பொய்யான அறிக்கையில் கையெழுத்திட மறுத்த சகோதரி ஒருவருக்குப் பதவி உயர்வு கைநழுவிப் போயிற்று. ஜெபத்தையும் உடனிருப்பதையும் தவிர நம்மால் கொடுக்க முடிந்தது எதுவுமில்லை. ஆண்டவர் இதைவிட நல்லதைத் தருவார் என்று அவசரப்பட்டு யாரும் சொல்லாமலிருந்ததற்காக, அன்று கூடியிருந்த எல்லோருக்கும் நன்றி சொல்கிறேன்.

கூலியைப் பற்றிய கூட்டம் சிறியது, ஆனால் கூர்மையானது. கூலிக்காரனின் கூலியைப் பொழுது போகுமுன்னே கொடுக்கச் சொல்கிறது உபாகமம் 24. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. இவற்றைப் படித்து முடித்ததும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு முதல் தேதி தாண்டித் தாண்டிச் சம்பளம் கொடுத்துவந்த ஒரு குடும்பம், இனி மாதத்தின் கடைசி நாளிலேயே கொடுப்பதென்று முடிவு செய்தது. விடுப்பு எடுத்த நாளுக்குச் சம்பளத்தைப் பிடிப்பது நியாயமா என்ற அடுத்த கேள்வியையும் அவர்களே எழுப்பினார்கள்.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளைச் சரிபார்க்காமல் அனுப்புவது குறித்து யாத்திராகமம் 23-இன் முதல் வசனத்தை வைத்துப் பேசினோம். அபாண்டமான சொல்லை ஏற்கக் கூடாது என்பது அதன் கட்டளை. நம் மதத்துக்கு ஆதரவான பொய்யும் பொய்தான் என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை. ஓய்வுநாளில் அலுவலக அழைப்புகளை எடுக்கலாமா என்பதில் மருத்துவப் பணியில் இருப்பவர்களின் நிலை வேறு, மற்றவர்களின் நிலை வேறு என்ற அளவில் நின்றோம். ஜெபத்தைச் செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்குவது பற்றிய விவாதம் முடியவில்லை. திக்கித் திக்கிச் சொன்னாலும் நம் வாயிலிருந்து வருவதே ஜெபம் என்பது என் கருத்து. பேச வராதவர்களுக்கு அது கைகொடுக்கிறது என்பவர்களின் வாதத்தையும் குறிப்பேட்டில் பதிவு செய்திருக்கிறேன்.

உதவி நிதியின் வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

ஒரு குறை. இளையோரின் வருகை குறைவாகவே இருந்தது. அவர்கள் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் மூத்தவர்கள் வசனத்தோடு பதில் சொல்லிவிடுகிறோம். கேள்வியைக் கொண்டுவந்தவர் முழுவதும் பேசி முடிக்கும்வரை யாரும் குறுக்கிடக் கூடாது என்பதையும், மாதம் ஒரு கூட்டத்தை இளையோரே நடத்த வேண்டும் என்பதையும் தீர்மானங்களாக முன்வைக்கிறேன். வரும் ஆண்டுக்கு வந்திருக்கும் முதல் கேள்வி, முதிய பெற்றோரைப் பராமரிப்பதில் உடன்பிறந்தோர் பொறுப்பை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பது.

கூட்டங்களுக்கு வீட்டைத் திறந்துவைத்த குடும்பங்களுக்கும், வழிநடத்திய போதகருக்கும் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொண்டு, இரண்டு தீர்மானங்களையும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்