பீடி சுற்றப் போகச் சொன்னாராமே!

அன்புள்ள பேச்சிக்கு,

நேற்று இரவு நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். விடுதியில் வாளிக்கு நடக்கும் சண்டைச் சத்தத்தையும் மீறி நீ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாளைக்கே சேலைக் கடை வேலையை விட்டுவிட்டு, பெட்டியைக் கட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடப் போவதாகச் சொல்கிறாய். ஏறு, நான் தடுக்கப் போவதில்லை. எந்தத் தேதியில் ஏறுவது என்பதில் மட்டும் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. போனில் பேசினால் நீ பாதியில் அழுவாய், எனக்குப் பாதியில் கோபம் வந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

கல்யாணச் சேலை எடுக்க வந்த கும்பல் அறுபது எழுபது சேலையைப் பிரிக்க வைத்துவிட்டு, "இன்னும் இரண்டு கடை பார்த்துவிட்டு வருகிறோம்" என்று எழுந்து போயிருக்கிறது. உடனே உன் சூப்பர்வைசர், பக்கத்துக் கவுன்ட்டரில் ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போதே, "உனக்கெல்லாம் எதற்குச் சேலைக் கடை? ஊரில் போய் பீடி சுற்று" என்றாராம். பெயர் சொல்லாமல் "ஏய், நாலாம் நம்பர்" என்று கூப்பிடுவதை எல்லாம் இத்தனை நாள் பொறுத்துக்கொண்டவள் நீ. பீடியைச் சொன்னதும் தாங்கவில்லை. எனக்கும்தான் தாங்கவில்லை. உன் அம்மா மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, நனைத்து ஈரத்துணியில் சுற்றிவைத்த இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து உருட்டி, நுனியை மடக்கி, நூலைக் கட்டினால்தான் ஒரு பீடி. பீடிக் கடையில் சரியில்லை என்று கழித்தது போகத்தான் கூலி. அந்த மனிதரை ஒரு மணி நேரம் அந்த முறத்தின் முன்னால் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. சரி, விடு.

திட்டியதைவிட எனக்கு உறுத்தியது வேறு. "எனக்கு விற்கத் தெரியவில்லை போல அக்கா" என்கிறாய். போன பொங்கலுக்குத் திருநெல்வேலியில் பெரியம்மா மகளுக்குச் சேலை எடுக்கப் போனோமே, மறந்துவிட்டதா? நீ வாங்க வந்தவளாக உட்கார்ந்தாய், ஐந்து நிமிடத்தில் கவுன்ட்டரே உன் கைக்கு வந்துவிட்டது. முந்தானையை முதலில் எடுத்து அவள் தோளில் போட்டாய். விலைச் சீட்டை உள்பக்கம் திருப்பி வைத்தாய். அவள் கை திரும்பத் திரும்ப எந்தச் சேலைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே மற்றவற்றை ஓசைப்படாமல் ஒதுக்கினாய். குறை சொல்வதற்கென்றே வந்த அத்தையிடம் பார்டரைக் காட்டி, "இது உங்கள் கண்ணுக்குத்தான் தெரியும்" என்று சொல்லி அவர் வாயையும் அடைத்தாய். பிரித்த சேலைகளைச் சரிகை முறியாமல் பழைய மடிப்பிலேயே மடித்தும் கொடுத்தாய். அந்தக் கடைப் பெண் வாயைப் பிளந்து, "நீங்கள் எந்தக் கடையில் இருக்கிறீர்கள்?" என்று கேட்டாளே! கோராவையும் சாஃப்ட் சில்க்கையும் கண்ணை மூடிக்கொண்டு விரலால் பிரித்துச் சொல்பவள் நீ. இதற்குச் சம்பளம் கொடுக்க எந்த ஊரிலும் கடை உண்டு. கும்பல் எழுந்து போனதற்குக் காரணம் அவர்களுக்குள் பட்ஜெட் ஒத்துப்போகாதது. பணம் கொடுக்கும் சித்தப்பா கைபேசியைப் பார்த்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை என்று நீயே சொன்னாய்.

நானும் தியாகராய நகரில் பல ஆண்டுகள் நின்றவள். அந்த சூப்பர்வைசர் வகையை எனக்குத் தெரியும். அவரும் ஒரு காலத்தில் கவுன்ட்டரில் சேலை பிரித்தவராகத்தான் இருப்பார். காலைக் கூட்டத்தில் மேலாளர் அவருடைய தளத்தின் விற்பனைக் கணக்கைப் பத்துப் பேர் முன்னால் படித்து அவரை நெளிய வைத்திருப்பார். மேலே வாங்கியதைக் கீழே இறக்கி வைக்க அவருக்கு நீங்கள்தான் இருக்கிறீர்கள். முதலாளியைப் பார்த்தால் கைகட்டி நிற்பார், வாடிக்கையாளரைப் பார்த்தால் பல்லைக் காட்டுவார், உங்களிடம் மட்டும்தான் நாக்கு நீளும். அவர் மேல் இரக்கப்படு என்று இதைச் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வருவதை உன் வேலைக்கான மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளாதே என்கிறேன்.

உன் அத்தை, "அடிக்கிற கைதான் அணைக்கும், பொறுத்துப் போ" என்றாராமே. அந்தக் கை அணைக்கவே வேண்டாம் என்பதுதான் நம் முதல் நிபந்தனை என்று அத்தையிடம் சொல். இதில் விளையாட்டில்லை. திட்டு வேறு, தொடுவதும் இரட்டை அர்த்தத்தில் பேசுவதும் வேறு. ஸ்டாக் அறையில் இடித்துக்கொண்டு போவது, லிஃப்டில் ஒட்டி நிற்பது என்று எதுவாவது நடந்தால் நான் கீழே எழுதும் எந்தக் கணக்கையும் பார்க்காதே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். கடையில் குழு இல்லாவிட்டால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு இருக்கிறது. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சாதியைச் சொல்லித் திட்டினால் அதற்குக் காவல் நிலையம்.

இப்போது ஸ்டூலுக்கு வருகிறேன். உங்கள் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறது, அதன் மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், உட்கார்ந்தால் "உடம்பு வளைகிறதா?" என்று கேட்கிறார்கள் என்றாய். அந்த ஸ்டூல் சும்மா வந்துவிடவில்லை, பேச்சி. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை செய்த பெண்களுக்கு உட்கார நாற்காலியும் இல்லை, போக கழிப்பறையும் இல்லை. கழிப்பறைக்குப் பயந்து நாளெல்லாம் தண்ணீர் குடிக்காமல் நின்று நோயை வாங்கிக்கொண்டார்கள். விஜி என்ற தையல் தொழிலாளி அந்தப் பெண்களைச் சேர்த்துப் 'பெண்கூட்டு' என்று அமைப்பு வைத்துப் பல ஆண்டுகள் போராடினார். 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தியது. நம் சட்டமன்றம் 2021 செப்டம்பரில் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை கொடுக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பதுதான் அந்தப் பிரிவு. நாள் முழுக்க நிற்பதால் வரும் உடல்நலக் கேட்டைச் சொல்லித்தான் அரசே அதைக் கொண்டுவந்தது. உங்கள் கடை அதை ஆய்வாளர் வரும் நாளுக்கான அலங்காரப் பொருளாக வைத்திருக்கிறது.

அதே சட்டத்தில் இன்னும் பல இருக்கின்றன. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் நிற்க வைத்தால் இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேர வேலைக்குள் ஒரு மணி நேர இடைவேளை. வாரம் ஒரு நாள் விடுமுறை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிச் சீசனிலும் இதெல்லாம் எங்கே போகிறது என்று நமக்குத் தெரியும். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத நோட்டீசோ அதற்குப் பதில் ஒரு மாதச் சம்பளமோ கொடுக்காமலும் அனுப்பக் கூடாது என்கிறது 41-ஆவது பிரிவு. அதனால் "நாளைக்கே உன்னை வெளியே அனுப்பிவிடுவேன்" என்று அவர் சொல்லும்போது முழங்கால் நடுங்க வேண்டியதில்லை. பத்து நிமிடத் தாமதத்துக்குச் சம்பளத்தில் பிடிப்பதாகச் சொன்னாயே, விளக்கம் கேட்காமல் அபராதம் போடவும் அவர்களுக்கு உரிமை கிடையாது. தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளர் பார்க்க வேண்டிய வேலை இது. 1100 என்ற முதலமைச்சரின் உதவி மைய எண்ணிலும் புகாரைப் பதியலாம். தனியாகப் போகாதே, உன் அறையில் இருக்கும் பெண்களில் நம்பிக்கையான மூன்று நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு போ. ஒருத்தி புகார் கொடுத்தால் அவளைக் கல்லாவுக்குப் பின்னால் தூசி தட்ட அனுப்புவார்கள். நாலு பேரை அப்படி அனுப்ப முடியாது, தளம் காலியாகிவிடும்.

சட்டம் பேசினால் மட்டும் நாளை காலையில் அவர் வாய் மூடிவிடாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே ஒரு சின்ன நோட்டு வாங்கு. தேதி, நேரம், அவர் சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் பெயர், அவ்வளவு போதும். அழுகையை அதில் எழுத வேண்டாம். அடுத்த முறை வாடிக்கையாளர் முன்னால் கத்தினால், "கட்டாயம் கேட்டுக்கொள்கிறேன் அண்ணா, இவர்களுக்குக் காட்டி முடித்துவிட்டு வருகிறேன்" என்று சத்தம் உயர்த்தாமல் சொல்லிவிட்டுக் கையிலிருக்கும் சேலையை விரி. வாடிக்கையாளர் அவரைத்தான் நிமிர்ந்து பார்ப்பார், உன்னை அல்ல. எல்லாரிடமும் இது பலிக்காது. சிலர் இன்னும் சூடாவார்கள். சூடாகட்டும், அதுவும் நோட்டுக்குப் போகும்.

காலைப் பற்றி நீ எதுவும் சொல்லவில்லை, ஆனால் போன முறை வந்தபோது உன் கணுக்கால் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். உன் சம்பளத்தில் மாதாமாதம் முக்கால் விழுக்காடு தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.க்குப் போகிறது. அதன் மருந்தகத்துக்குப் போய்க் காட்டு. நரம்பு சுருண்டு புடைக்கத் தொடங்கினால் பிறகு உறை மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும், என்னைப் பார். மருத்துவர் விடுப்பு எழுதினால், சந்தா கட்டிய நாட்கள் போதுமானதாக இருந்தால், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் 70 விழுக்காடு ஈ.எஸ்.ஐ. கொடுக்கும். அந்தப் பணம் உன்னுடையது. சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்குவது அல்ல.

இனி அந்தத் தேதி. நீ சேர்ந்தது சித்திரையில். இப்போது புரட்டாசி. நான்கு ஆண்டு முடிந்து ஐந்தாவது ஓடுகிறது. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு வேலையை விடும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு, ஆண்டுக்குப் பதினைந்து நாள் சம்பளம் வீதம். கணக்கில் எடுக்கும் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள். அதை மாத வேலை நாளான 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 6,923. ஐந்து ஆண்டுக்கு 34,615 ரூபாய். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே தகுதி வந்துவிடும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனால் தீர்ப்பைக் காட்டி வாதாடி வாங்க உனக்கு நேரமும் இல்லை, வக்கீலும் இல்லை. சித்திரை முடிவதுதான் சிக்கலில்லாத வழி. நாளைக்கு நீ ரயில் ஏறினால் அந்த மனிதர் ஒரு வார்த்தை பேசியதற்கு நீ முப்பத்து நான்காயிரம் ரூபாயை அவர் கடைக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறாய். எனக்கு அதில் சம்மதமில்லை.

அதற்குள் உடம்புக்கோ மனதுக்கோ முடியாமல் போனால் பணம் மயிரே போச்சு என்று கிளம்பி வா. இரவில் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், காலையில் கடை வாசலைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே, அன்றைக்கே என்னைக் கூப்பிடு. அப்படி இல்லை, கோபம்தான் என்றால் கோபத்தைச் சித்திரை வரை தள்ளிப் போடலாம்.

போகும்போதும் சொல்லாமல் கொள்ளாமல் போகாதே. தேதி போட்டு விலகல் கடிதம் கொடு, நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. பணிக்கொடையை முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அனுபவச் சான்றிதழ் கேள். மாசியிலிருந்தே வேறு கடைகளை விசாரிக்கத் தொடங்கு. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் எனக்குத் தெரிந்த இரண்டு மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள், பட்டு தெரிந்த பெண் வேண்டும் என்று ஒருவர் போன மாதமே கேட்டார். உன் பெயரைச் சொல்லி வைக்கிறேன். சூப்பர்வைசர் எப்படிப் பேசுவார் என்பதையும் அங்கே வேலை செய்யும் பெண்களிடம் விசாரித்துத்தான் சொல்வேன்.

இன்று இரவு ஒரே ஒரு வேலை செய். அரசின் உமங் செயலியில் உன் வருங்கால வைப்பு நிதிப் பாஸ்புக்கைத் திறந்து பார். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டிய தொகை ஒவ்வொரு மாதமும் ஏறியிருக்கிறதா என்று ஒத்துப் பார்த்து, ஏறாத மாதம் ஏதாவது இருந்தால் அந்தச் சீட்டைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உனக்கு விடுமுறை கிடைக்காது என்று தெரியும், செவ்வாய்க்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் நானே கூப்பிடுகிறேன். அம்மாவிடம் பீடி விஷயத்தைச் சொல்லிவிடாதே.

உன் அக்கா