அந்தப் பிள்ளை நடிக்கவில்லை

மட்டக்களப்புப் படுவான்கரைப் பாடசாலை அதிபர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிபர்களே, ஆசிரியர்களே,

வணக்கம். குடும்பநல உத்தியோகத்தராக இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்னும் 'மிட்வைஃப் மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். வெல்லாவெளி, பட்டிப்பளைப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் சைக்கிள் மிதித்த கால் இது. உங்களில் இளையவர்கள் சிலருடைய பிறப்பு நிறையைக்கூட நான்தான் அட்டையில் குறித்திருப்பேன். அந்த உரிமையில், எங்கள் பெண்பிள்ளைகளின் மாதவிடாய் பற்றி எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முதல் ஒரு அம்மம்மா தன் பேத்தியை என் வீட்டுக்குக் கூட்டி வந்தார். பிள்ளைக்குப் பதின்மூன்றரை வயது. தாய் குவைத்தில் வீட்டு வேலை. கதிரையைக் காட்டினேன், அவள் இருக்கவில்லை. புத்தகப் பையைப் பின்பக்கம் இரண்டு கையாலும் பிடித்தபடி சுவரோடு ஒட்டி நின்றாள். வெள்ளைச் சட்டையின் பின்னால் கறை. தண்ணீர் தொட்டுத் தேய்த்ததில் அது உள்ளங்கை அளவுக்குப் பரவி, ஓரம் பழுப்பாகிக் காய்ந்திருந்தது. இரண்டாம் பாடத்திலேயே பட்டுவிட்டதாம். ஒன்றரைக்கு மணி அடித்து எல்லாரும் போய் முடியும்வரை வாங்கை விட்டு எழும்பவில்லையாம்.

"வயித்துக்குத்துத் தாங்க ஏலாம மேசையில தலைய வைச்சன் மிஸ். மாசா மாசம் உனக்கு இதே நடிப்பு எண்டு டீச்சர் சொன்னா."

அம்மம்மா இடையில் வந்தார். "இதுக்கு முதல் ரெண்டு மாசம் வராமலும் இருந்தது மிஸ். அப்ப இன்னொரு டீச்சர் இவளத் தனியக் கூப்பிட்டு, ஆரோடயும் பழக்கமா எண்டு கேட்டிருக்கா."

வராதபோது சந்தேகம். வந்து நொந்தபோது நடிப்பு. ஒரே பிள்ளைக்கு, ஒரே வருடத்துக்குள். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

பெரியபிள்ளையான கையோடு மாதம் தவறாமல் வரவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கிறோம். உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் ஓமோன் கட்டளைகள் ஒழுங்குக்கு வர இரண்டு மூன்று வருடம் எடுக்கும். அதுவரை பல மாதங்களில் சூலகத்திலிருந்து முட்டையே வெளிவராது. முட்டை வெளிவராத மாதத்தில் எப்போது உதிரம் படும் என்று கணக்குச் சொல்ல முடியாது. வளர்ந்த பெண்ணுக்கு இருபத்தெட்டு நாள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். இந்த வயதில் 21 நாளிலும் வரலாம், 45 நாளிலும் வரலாம். முதல் வருடத்தில் அதைத் தாண்டியும் ஒரு மாதம் போகலாம். அது பிள்ளையின் நடத்தை பற்றிய செய்தி அல்ல.

இனி அந்த 'நடிப்பு'க்கு வருகிறேன். தாய்மாரும் ஆசிரியர்மாரும் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்வி ஒன்று உண்டு: முதல் வருடம் ஒரு நோவும் இல்லாமல் ஓடித் திரிந்தவளுக்கு இப்போது எங்கிருந்து நோ வந்தது? பதில் அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. முட்டை வெளிவரத் தொடங்கிய பிறகுதான் இந்த நோ பெரும்பாலும் தொடங்கும். கருப்பையின் உள்தோல் கழரும்போது புரொஸ்டகிளண்டின் என்ற பொருள் சுரக்கிறது. அது கருப்பைத் தசையை இறுக்கிப் பிழிகிறது, அந்த நேரம் தசைக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. அடிவயிற்றில் குத்தி, நாரிக்கும் தொடைக்கும் இறங்கும். அதே பொருள் குடலையும் இறுக்குவதால் சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்து வரும். காலைக் கூட்டத்தில் வெயிலுக்குள் நின்று மயங்கி விழும் பிள்ளையிடம், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதோடு இதையும் ஒருக்காக் கேளுங்கள். முதல் நாளும் இரண்டாம் நாளும்தான் கடும் நோ. மாதாமாதம் அதே இரண்டு நாள் வரவுப் பதிவேட்டில் ஒரு பிள்ளைக்கு வெற்றாக இருந்தால், அது கள்ளம் அல்ல. உயர்தரப் பரீட்சைக்கு 80 வீத வரவு கேட்கிறோம், அந்தப் பிள்ளை அதற்கு எங்கே போவாள்?

அம்மம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். நல்லெண்ணெயும் முட்டையும் உழுந்தங்களியும் கொடுத்துப் பார்த்தவர் அவர். "கலியாணம் முடிச்சாச் சரியா வரும்" என்று தனக்குச் சொன்னதையே பேத்திக்கும் சொன்னார். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நான் விடமாட்டேன். பதினாறு வயதில் அந்தச் சொல்லை நம்பித் தாலி கட்டிய பிள்ளைகளின் கர்ப்பிணி அட்டையை இந்தக் கையால் எழுதியிருக்கிறேன்.

நோவுக்கு மருந்து இருக்கிறது. இபுபுரூபன், மெஃபனமிக் அசிட் போன்ற மாத்திரைகள் அந்தப் புரொஸ்டகிளண்டின் சுரப்பதையே குறைப்பவை. ஒருக்கா வைத்தியரிடம் காட்டி, வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவைக் கேட்டுக்கொண்டால் போதும். எங்கள் பிள்ளைகள் விடும் பிழை, சுருண்டு விழும்வரை பொறுத்துவிட்டு அதன் பிறகு குடிப்பது. உதிரம் தொடங்கியவுடனேயே, சாப்பாட்டோடு, அந்த இரண்டு மூன்று நாளும் நேரத்துக்கு எடுத்தால்தான் கேட்கும். ஈழை (அஸ்மா) உள்ள பிள்ளைக்கும் வயிற்றுப்புண் உள்ள பிள்ளைக்கும் வைத்தியர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது. காய்ச்சல் இருந்தால் தொடவே வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் டெங்கு எந்த வீட்டுக்குள் இருக்கும் என்று தெரியாது, டெங்குக்கு இந்த மாத்திரைகள் ஆபத்து, பரசிட்டமோல் மட்டும்தான். சோடாப் போத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் நிரப்பித் துவாயால் சுற்றி அடிவயிற்றில் வைப்பதும் நன்றாகக் கேட்கும். பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையில் கேத்தல் இல்லாமலா இருக்கிறது?

எல்லாவற்றையும் 'வயதுக்கோளாறு' என்று தள்ளவும் கூடாது. தொண்ணூறு நாள் தாண்டியும் வராவிட்டால், இருபத்தொரு நாளுக்குள் திரும்பத் திரும்ப வந்தால், ஏழு நாளுக்கு மேல் நீண்டால், மணிக்கு ஒரு பேட் நனைந்தால், வைத்தியரிடம் அனுப்பவேண்டும். அளவுக்கு மீறிப் படுவதற்குப் பின்னால் இரத்தம் உறையாத நோய் இருக்கலாம். தைரொயிட்டாக இருக்கலாம், சூலகத்தில் நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். மாத்திரைக்கும் அடங்காமல் மாதாமாதம் கூடிக்கொண்டே போகும் நோவுக்கு எண்டோமெற்றியோசிஸ் (கருப்பையின் உள்தோல் போன்றது கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) காரணமாகலாம், அது பதின்ம வயதிலும் வரும். பதினைந்து வயதாகியும் பெரியபிள்ளையாகாத பிள்ளையையும் காட்டுங்கள். பெரியபிள்ளையாகாமலே மாதாமாதம் வயிறு நொந்தால் பதினைந்து வரை காத்திருக்கவும் வேண்டாம், உதிரம் வெளியே வர வழி அடைபட்டிருக்கலாம். கடைசி வாங்கில் வெளிறிப்போய்த் தூங்கும் பிள்ளைக்கு இரத்தச்சோகையா என்று பார்க்கச் சொல்லுங்கள். கிழமைக்கு ஒன்று கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரை யன்னலுக்கு வெளியே போகாமல் வாய்க்குள் போகிறதா என்றும் பாருங்கள்.

அன்று அந்தப் பிள்ளையிடம் ஒரு சின்னக் கலண்டரைக் கொடுத்து, வரும் நாளுக்கெல்லாம் நீலப் பேனையால் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். நாலு மாதத்துக்குப் பிறகு கொண்டு வந்தாள். ஒருமுறை தொடங்கி அடுத்த முறை தொடங்கும்வரை 38, 44, 33 நாள். குறையும் இல்லை, களவும் இல்லை. அதை விரித்து வைத்து விரலால் எண்ணிக் காட்டியபோது அம்மம்மா பேத்தியின் தலையைத் தடவினார். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பெண் ஆசிரியர் இந்தப் புள்ளிக் கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தால், வைத்தியருக்கும் பாதி வேலை முடிந்துவிடும்.

சுகாதாரப் பாடத்தில் அந்த அத்தியாயம் வரும்போது 'வீட்டில் வாசியுங்கள்' என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். வீட்டில் சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். சொல்ல வெட்கமாக இருந்தால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைக்கு ஒரு கடிதம் போடுங்கள், உங்கள் பிரிவு மிட்வைஃப் வருவார். ஆண் அதிபர்களே, இது உங்களுக்கும்தான். நீங்கள் அந்தப் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கத் தேவையில்லை, கேட்காமலே போக விட்டால் போதும்.

பிள்ளைகளுக்குச் சுகாதாரத் துவாய் வாங்க 2024இல் அரசாங்கம் வவுச்சர் கொடுக்கத் தொடங்கியது. நல்ல வேலை. ஆனால் அந்தத் துவாயை மாற்றுவதற்கு ஒரு கதவு பூட்டவேண்டும், ஒரு வாளி தண்ணீர் வேண்டும், போடுவதற்கு மூடியுள்ள தொட்டி ஒன்று வேண்டும். அந்தப் பிள்ளையின் பாடசாலையில் கழிவறை இருந்தது, தண்ணீரும் இருந்தது. சாவி மட்டும் அலுவலகத்தில், மூன்று ஆண்கள் இருக்கும் மேசைக்குப் பின்னால் இருந்தது. ஒன்றரை மணிவரை அவள் வாங்கை விட்டு எழும்பாததற்கு அதுதான் காரணம். நாளைக் காலையில் அந்தச் சாவியை எடுத்து, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்துத் தொங்க விடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மிட்வைஃப் மிஸ்