லொகேஷன் வேண்டாம், தண்ணீர் எவ்வளவு என்று சொல்லுங்கள்

கேளம்பாக்கம் – கோவளம் சாலையோரம் பறவை பார்க்க வரும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு பைனாகுலரோடு அங்கே நிற்பவர்களில் நானும் உண்டு. உங்களில் பலரை முகம் பார்த்தால் தெரியும், பெயர் தெரியாது. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

நான் செய்த ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். சில வருடங்களுக்கு முன், ஒரு மே மாதம். உப்பங்கழி வற்றி, ஓரத்துச் சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதில் நெடுங்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவையின் கூடு ஒன்று. கூடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு குச்சி, கொஞ்சம் கிளிஞ்சல், நடுவில் மண் நிறத்தில் நான்கு முட்டைகள். படம் எடுத்து, இருந்த ஆர்வத்தில் லொகேஷனையும் சேர்த்து, தெரிந்த முப்பது பேருக்கு அனுப்பிவிட்டேன். அடுத்த ஞாயிறு போனபோது கூட்டைச் சுற்றிச் செருப்புத் தடங்கள். ஆள் நெருங்கினால் அடைகாக்கும் பறவை எழுந்து தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றும். அந்த நேரம் போதும் காக்கைக்கு. ஒரு முட்டைகூட மிச்சமில்லை. வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, எல்லாரும் நான் அழைத்து வந்தவர்கள்.

அதன் பிறகு கொஞ்ச நாள் எதைப் பார்த்தாலும் வாயைத் திறக்காமல் இருந்தேன். அதுவும் சரியாகப் படவில்லை. பச்சைக்காலி, பவளக்காலி என்ற இரண்டு பறவைகளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்கே இந்தச் சாலையில் யாரோ ஒரு பெரியவர் தன் ஸ்கோப்பை (முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி) கொடுத்துச் சொல்லித் தந்ததுதான். சொல்லத்தான் வேண்டும். எதைச் சொல்வது என்பதில்தான் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

சேற்றிலும் ஓரத் தண்ணீரிலும் மேயும் கரைப்பறவை விஷயத்தில் மேப்பில் குத்திய புள்ளி பெரும்பாலும் எதற்கும் உதவாது. நேற்று முந்நூறு கொசு உள்ளான்கள் மேய்ந்த இடத்தில் இன்று ஒன்றுகூட இருக்காது. அவை தேடிப் போவது தண்ணீரின் ஆழத்தை. நெடுங்கால் உள்ளான் முழங்கால் நனைய நின்று மேயும். இருபத்தைந்து கிராம்கூடத் தேறாத கொசு உள்ளானுக்கு ஈரச் சேறும் அதன் மேல் ஒரு விரல் தண்ணீரும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழி நிரம்பிவிட்டால் சின்னக் கால்களுக்கு அங்கே இடமில்லை. “டிசம்பரில் வந்தேன், ஒன்றுமே இல்லை” என்று அலுத்துக்கொள்பவர்கள் தப்பான மாதத்தில் வந்தவர்கள். தண்ணீர் இறங்க இறங்கச் சேறு தலைகாட்டும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் கொண்டாட்டம்.

சிலர் கடல் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நம் சோழமண்டலக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசமே ஒரு மீட்டரைத் தாண்டி அதிகம் போவதில்லை. அதுவும் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் மணல் மூடிக்கொண்டால் உள்ளே எட்டாது. அட்டவணையைவிட மீனவர்களிடம் “முகத்துவாரம் திறந்திருக்கா?” என்று கேட்பது மேல்.

வெளிச்சம் பற்றியும் ஒரு வார்த்தை. சாலை கிழக்கு மேற்காகப் போகிறது, குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தெற்குப் பக்கம் பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்பு நிழல். வடக்குப் பக்கம் பாருங்கள், கால் நிறம்கூடத் தெளிவாகத் தெரியும். இது தெரியாமல் இரண்டு வருடம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அப்புறம், அந்தப் பழுப்புக் குட்டிகள். பூநாரை வந்தால் நூறு படம் வருகிறது. அதன் காலடியில் மேய்வதைப் பற்றிக் கேட்டால் “சின்னச் சின்னதா ஏதோ” என்கிறார்கள். நிறத்தை வைத்துப் பிரிக்கப் போனால் குளிர்காலத்தில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். மேய்கிற விதத்தைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓடும். கொசு உள்ளான் தலை நிமிராமல் தையல் மெஷின் ஊசிபோலக் கொத்திக்கொண்டே போகும். கருவால் மூக்கன் அவசரமே படாது. அலகை அடிவரை சேற்றில் இறக்கித் துழாவும். கோணமூக்கு உள்ளான் மேல்நோக்கி வளைந்த அலகால் தண்ணீரை இடமும் வலமும் அரியும். இந்த நாலு நடையும் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிக்கு ஏப்ரலில் வாருங்கள். யாரும் வராத மாதம் அது. வெயில் சுடும், உண்மைதான். ஆனால் சைபீரியாவுக்குக் கிளம்பும் முன் வளைமூக்கு உள்ளானின் வெள்ளை வயிறு செங்கல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் பார்த்த அதே பறவைதானா என்று சந்தேகம் வரும்.

சேற்றில் இறங்க வேண்டாம் என்று நான் சொன்னால் “அந்த அம்மாக்கள் இறங்குகிறார்களே” என்று கேட்பீர்கள். நானும் கேட்டவன்தான். பறியை (பிடித்ததைப் போடும் கூடை) பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருபதடி பக்கத்தில் போனாலும் பவளக்காலி கண்டுகொள்வதில்லை. நாம் நூறடியில் வந்தாலே கத்திக்கொண்டு எழும்புகிறது. ஒருநாள் கரையேறி வந்த ஓர் அக்காவிடமே கேட்டேன். “நாங்க எங்க வேலையப் பாக்கறோம். நீங்க அதையே மொறச்சுப் பாத்துக்கிட்டு நேரா நடக்கறீங்க. பூனையும் அப்படித்தானே வரும்?” என்றார். நான் படித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவாக இல்லை.

கழியில் முதலில் ஊரைக் கூட்டுவது பெரும்பாலும் பவளக்காலிதான். அது கத்தினால் நீங்கள் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டீர்கள். அதற்கு முன்பே, மேய்ந்துகொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒன்றாக நிமிர்ந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். பறவை எழுந்து பறக்கும் படத்துக்காகக் கல்லெறிந்தவரையும் பார்த்திருக்கிறேன். அவருக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கச் சேர்க்கும் கொழுப்பை அது ஒவ்வொரு முறை எழும்பும்போதும் கொஞ்சம் செலவழிக்கிறது.

சரி, எப்படிப் பகிரலாம்? எனக்கு ஒருவர் அனுப்பியதில் மிகவும் பயன்பட்டது இது: “சாலைக்கு வடக்கே. காலை 7 மணி. கணுக்கால் அளவுத் தண்ணீர், ஓரத்தில் சேறு. கொசு உள்ளான் சுமார் 200, பச்சைக்காலி 6, பெயர் தெரியாத உப்புக்கொத்திகள் 40.” இதைப் படித்தால் எந்த நாளில் எங்கே போய் எப்படி நிற்பது என்று எனக்குப் புரிந்துவிடும். “பெயர் தெரியாத” என்று எழுத அவர் வெட்கப்படவில்லை, அது பெரிய விஷயம். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றும்போதும் அப்படியே எழுதலாம், அதற்கு அங்கே இடமுண்டு. மணல் உப்புக்கொத்தி என்று நாம் வருடக்கணக்காக எழுதிவந்த ஒன்றே 2023-ல் இரண்டு இனமாகப் பிரிந்துவிட்டது. நமக்குத் தெரியாமல் இருப்பதில் என்ன தப்பு?

அரிய பறவை என்றால் அது கிளம்பிப் போன பிறகு சொல்லுங்கள். கூடு என்றால் யாருக்கும் சொல்லாதீர்கள், எனக்கும்தான். காலில் ஆய்வாளர்கள் மாட்டிய அடையாள வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால் மட்டும் உடனே எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கால், முட்டிக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து. மங்கலான படமானாலும் பரவாயில்லை. கோடியக்கரையில் பல ஆண்டுகளாக வளையமிட்டுவரும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினால், பறவை எங்கே வளையமிடப்பட்டது என்று பதில் வரும்.

இந்த வாரத் தகவல்: பாலத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் இன்னும் முழங்காலுக்கு மேல். மூக்கன்கள் வந்துவிட்டன, கொசு உள்ளான் இல்லை. மழை இல்லாவிட்டால் இன்னும் மூன்று வாரத்தில் சேறு தெரியும். வண்டியை வளைவில் நிறுத்தாதீர்கள், லாரிகள் வேகமாக வருகின்றன. 

அன்புடன்,
பழைய சாம்பல் நிற ஸ்கூட்டர்க்காரர்
(ஸ்கோப் இருக்கிறது, கேட்டால் தருவேன்)