'டீடூர்' படத்தை இணையத்தில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சேனல்காரர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒருவரையும் எனக்கு நேரில் தெரியாது. உங்கள் முத்திரைகளைத்தான் தெரியும். திரையின் வலது மூலையில் ஒருவருடையது, நட்டநடுவில் இன்னொருவருடையது, சில பிரதிகளில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. 1945இல் வெளிவந்த 'டீடூர்' என்ற அமெரிக்கக் குற்றப் படத்தை நான் முதலில் பார்த்தது உங்களில் ஒருவர் புண்ணியத்தில்தான். அதற்கு நன்றி சொல்லிவிட்டே சண்டைக்கு வருகிறேன்.

சண்டை எதற்கு என்று சொல்ல ஒரு காட்சி போதும். படத்தின் நாயகன் ஆல் ராபர்ட்ஸ் கார் ஓட்டிக்கொண்டு போகிறான். கார் அவனுடையது இல்லை. உடம்பில் இருக்கும் சூட், பர்ஸில் இருக்கும் பணம், லைசென்ஸ், கேட்டால் சொல்லும் பெயர் எல்லாமே ஹாஸ்கெல் என்பவனுடையவை. லிஃப்ட் கொடுத்த அந்த ஹாஸ்கெல் அரிசோனாவில் ரோட்டோரமாகச் செத்துக் கிடக்கிறான். தான் கொல்லவில்லை என்கிறான் ஆல். யார் நம்புவார்கள் என்ற பயத்தில் செத்தவனாகவே மாறிவிட்டான். வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்ற பெண்ணை ஏற்றிக்கொள்கிறான். பெயர் வேரா. ஏறிய கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறாள். பாவம், களைத்துப்போயிருக்கிறாள் என்று இவனும் இரக்கப்படுகிறான். திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, பிணத்தை எங்கே போட்டாய் என்று கேட்கிறாள். நிஜ ஹாஸ்கெலோடு இதே காரில் வந்தவள் அவள். ஹாஸ்கெல் கையில் நாம் முன்பே பார்த்த நகக்கீறல் இவள் போட்டதுதான்.

நான் பார்த்த பிரதியில் சரியாக அந்த நொடியில் 'டிங்' என்று ஒரு மணி அடித்தது. கீழேயிருந்து சிவப்புப் பொத்தான் ஒன்று எழும்பி வந்து, வேராவாக நடித்த ஆன் சாவேஜின் முகத்தில் பாதியை மறைத்துக்கொண்டது. சப்ஸ்கிரைப் செய்ய வேண்டுமாம்.

எடுத்துப் போட உங்களுக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 28 ஆண்டு முடிந்ததும் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டும். இந்தப் படத்துக்கு யாரும் புதுப்பிக்கவில்லை. தயாரித்த பி.ஆர்.சி. கம்பெனி அதற்கு வெகு முன்பே மூட்டை கட்டிவிட்டது. எனவே படம் இப்போது புறம்போக்கு. நல்ல அர்த்தத்தில்தான் சொல்கிறேன்: பட்டா யார் பேரிலும் இல்லை, அதனால் எல்லாரும் நடக்கலாம், மாடு மேய்க்கலாம், பையன்கள் கிரிக்கெட் ஆடலாம். ஆனால் நீங்கள் வந்து நாலு கல் நட்டு, கொடிக்கம்பம் ஊன்றி, விவரக் குறிப்பில் 'அனைத்து உரிமைகளும் எங்களுக்கே' என்று போர்டும் வைத்துவிடுகிறீர்கள். ஆல் ராபர்ட்ஸாவது செத்தவன் சட்டையைப் பயந்து பயந்து மாட்டிக்கொண்டான்.

இன்னொருவர் முழுப் படத்தையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார். கடைப் பலகைகள் எல்லாம் இடவலம் மாறிய எழுத்து. காப்புரிமை பார்க்கும் இயந்திரத்தை ஏமாற்ற இப்படிச் செய்வது வழக்கம் என்று தெரியும். காப்புரிமையே இல்லாத படத்துக்கு எதற்கு? இதில் ஒரு வேடிக்கை. மூலப் படத்திலேயே சில ஷாட்டுகள் திருப்பிப் போட்டவைதான். ஆல் லிஃப்ட் கேட்டுப் போகும் பகுதியில் வண்டிகள் சாலையின் இடது பக்கம் ஓடும். நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போகிறவன் வரைபடத்தில் போவதுபோலத் திரையிலும் வலமிருந்து இடமாகப் போகவேண்டும் என்று நெகட்டிவைப் புரட்டிவிட்டார்கள் என்பார்கள். நம் ஊரிலும் இடது பக்க ஓட்டம் என்பதால் எனக்கு இரண்டு தடவை பார்த்தும் உறைக்கவில்லை. உங்கள் திருப்பிய பிரதியில் அமெரிக்கா முழுக்க இடது பக்கம் ஓட, அந்தச் சில ஷாட்டுகளில் மட்டும் வண்டிகள் ஒழுங்காக வலது பக்கம் ஓடுகின்றன.

அப்புறம் அந்த முடிவு. 80 வருஷம் ஆகிவிட்டது, கதையைச் சொன்னால் குற்றமில்லை. வேராவும் சாகிறாள். குடித்துவிட்டு, போலீஸைக் கூப்பிடுகிறேன் என்று போனோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்கிறாள். ஆல் கதவுக்கு வெளியே நின்று ஒயரைப் பிடித்து இழுக்கிறான், உள்ளே அது அவள் கழுத்தைச் சுற்றியிருப்பது தெரியாமல். அதன்பின் ஊர் ஊராகத் திரிகிறான். கடைசி நிமிடத்தில், தன்னை ஒருநாள் ஒரு கார் ஏற்றிக்கொள்ளும், அதைத் தான் கை காட்டி நிறுத்தியிருக்க மாட்டேன் என்று அவன் குரல் சொல்ல, இருட்டுச் சாலையில் போலீஸ் கார் வந்து நிற்கிறது. குற்றவாளி தப்பக்கூடாது என்பது அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி. படம் அதற்குக் கட்டுப்படுகிறது. ஆனால் அது நடப்பதா, அவன் நினைத்துப் பார்ப்பதா என்று நம்மைத் தடுமாறவும் வைக்கிறது. உங்கள் பிரதி ஒன்றில் அந்தக் கடைசி நிமிடமே இல்லை. ஆல் நடந்துகொண்டே இருக்கிறான், சட்டென்று உங்கள் லோகோ. உண்மையைச் சொன்னால் அந்த வெட்டுப்பட்ட முடிவும் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது. ஆனால் தணிக்கைக்காரர்கள் விடாததை நீங்கள் கவனக்குறைவால் செய்துவிட்டீர்கள்.

உங்கள் குறிப்புகளில் தவறாமல் வரும் '6 நாளில், 20,000 டாலரில் எடுத்த படம்' என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். 6 நாள் கதை இயக்குநர் எட்கர் உல்மரே பின்னாளில் சொன்னது. ஆவணங்களைப் பார்த்த ஆய்வாளர்கள், நாளும் அதைவிடக் கூடுதல், செலவும் பல மடங்கு என்று எழுதிவிட்டார்கள். அப்படியும் ஏழைப் படம்தான். ஆலும் அவன் காதலி சூவும் நியூயார்க்கில் இரவில் நடந்து போகிறார்கள். நியூயார்க் எங்கே? தெருவிளக்கு, தெருப்பெயர்ப் பலகை, மற்றதெல்லாம் மூடுபனி. செட் போடக் காசில்லாத இடத்தில் புகையைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். பனிக்குள் நடக்கும் அந்த இருவருக்கும் எதிரே ஒன்றுமே இல்லை என்று நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

1992இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. 2018இல் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் ஆவணக் காப்பகமும், பழைய படங்களைப் பாதுகாக்கும் ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து 4கே தரத்தில் மீட்டெடுத்தன. அதற்கு உதவிய நல்ல பிரதி பெல்ஜியத்தில் கிடைத்தது. அதில் பிரெஞ்சு, ஃபிளமிஷ் வசன வரிகள் படத்தின் மேலேயே பதிந்திருந்தன. அந்த எழுத்துகளை உட்கார்ந்து அழித்து, அடியில் இருந்த முகங்களை மீட்டார்கள். நீங்கள் அதே முகங்களின் மேல் எழுதுகிறீர்கள்.

மீட்டெடுத்த அந்தப் பதிப்பு விற்பனையில் இருக்கிறது. அதை உருவி ஏற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. கையில் இருக்கும் கீறல் விழுந்த பிரதியையே ஏற்றுங்கள். ஆனால் முழுசாக, திருப்பாமல், அகலத் திரைக்காக மேலும் கீழும் நறுக்காமல், வண்ணம் பூசாமல் ஏற்றுங்கள். உங்கள் சேனல் பெயர் இருக்கும் இடத்தில் இந்தப் பெயர்களும் இருக்கட்டும்: 1939இல் நாவலாக எழுதிப் பிறகு திரைக்கதையும் எழுதிய மார்ட்டின் கோல்ட்ஸ்மித், ஒளிப்பதிவாளர் பெஞ்சமின் கிளைன், இயக்குநர் எட்கர் உல்மர், ஆலாக நடித்த டாம் நீல், வேராவாக நடித்த ஆன் சாவேஜ்.

மணி அடித்தே தீரவேண்டும் என்றால் அடித்துக்கொள்ளுங்கள். வேரா கண் திறந்து, கேட்க வேண்டியதைக் கேட்டு முடிக்கும் வரை மட்டும் பொறுங்கள்.

இப்படிக்கு,
சப்ஸ்கிரைப் செய்யாத ஒரு பார்வையாளன்