குலுக்காதே என்று சொன்னார்கள்

அன்புள்ள தேவகி,

உன் ஆய்வகத்திலிருந்து நீ அனுப்பிய அறிவியல் கட்டுரைக் கட்டு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதத் தாமதம் ஆனதற்குத் திட்டாதே, தொடர்ந்து நைட் டியூட்டி. ஆனால் சும்மா வைத்திருக்கவில்லை. விடியற்காலை மூன்று மணி வாக்கில் வார்டு கொஞ்சம் அடங்கும், அப்போது இரண்டு இரண்டு பக்கமாகப் படித்து முடித்தேன். பாதி புரிந்தது, மீதி புரிந்த மாதிரி இருந்தது.

முதலில் அந்த லிப்பிட் நானோதுகள் விஷயம். அதைப் படித்ததும் எனக்குப் பழைய கோபம் ஒன்று தீர்ந்தது. கோவிட் சமயத்தில் என்னைத் தடுப்பூசிப் பிரிவில் போட்டிருந்தார்கள் என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஃபைசர் குப்பிகள். உறைவு விட்டதும் குப்பியைப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். 1.8 மில்லி உப்புநீர் சேர்த்துவிட்டு மறுபடி பத்து முறை. குலுக்கவே கூடாது. ஏன் என்று பயிற்சி கொடுத்தவரிடம் கேட்டேன். "குலுக்கினால் கெட்டுவிடும்" என்றார். அது எனக்கும் தெரியும், ஏன் கெடும் என்றுதானே கேட்டேன்? "சிஸ்டர், பின்னால் வரிசை நிற்கிறது" என்று முடித்துவிட்டார். அப்புறம் எத்தனையோ ஆயிரம் முறை அந்தக் குப்பியைக் கவிழ்த்து நிமிர்த்தினேன், காரணம் தெரியாமலேயே.

உன் கட்டுரையில் காரணம் இருந்தது. குப்பியில் இருப்பது மருந்து கரைந்த தண்ணீர் இல்லை. தண்ணீரில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனுக்குள் எழுநூறு, எண்ணூறு உருண்டைகளை வரிசையாக நிறுத்திவிடலாம். நாலு வகைக் கொழுப்பு சேர்ந்து ஓர் உருண்டை, அந்த நாலில் ஒன்று நாம் எல்லோரும் பயப்படும் கொலஸ்ட்ரால். உள்ளே எம்ஆர்என்ஏ இழை, எந்தப் புரதத்தைச் செய்வது என்று செல்லுக்குச் சொல்லும் குறிப்பு. வேகமாகக் குலுக்கினால் நுரை கட்டும், காற்றும் நீரும் உரசும் இடத்தில் உருண்டைகள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இழை வெளியே வந்து வீணாகும். இவ்வளவுதான். இதைச் சொல்ல அரை நிமிடம் கூட ஆகாது. காரணம் தெரிந்திருந்தால், அவசரத்தில் ஒரு பெண் குப்பியை டப்பென்று தட்டியபோது நான் அவளை அதட்டியிருக்க மாட்டேன், விளக்கியிருப்பேன்.

அந்த நாலு கொழுப்பில் ஒன்று செய்யும் வேலை இன்னும் வியப்பு. ரத்தத்தில் போகும்போது மின்னூட்டம் இல்லாமல் சாதுவாக இருக்கிறது. செல் அதை விழுங்கி அமிலம் நிறைந்த பைக்குள் தள்ளியதும் நேர்மின்னூட்டம் ஏறி, பையின் சுவரைக் குலைத்து, சரக்கை வெளியே விடுகிறது. 2023இல் நோபல் பரிசு வாங்கிய காரிக்கோவும் வைஸ்மனும் இழையை உடல் எதிர்க்காதபடி மாற்றும் வழியை 2005இலேயே எழுதிவிட்டார்கள். ஆனால் கொண்டுபோய்ச் சேர்க்க இந்த உருண்டை இல்லாவிட்டால் அந்த இழை ரத்தத்திலேயே சிதைந்து போயிருக்கும். எனக்கு இந்த உருண்டைதான் பிடித்திருக்கிறது. நான் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பக்கத்து ஆள் இல்லையா?

அப்புறம் அந்த ஃபிலடெல்ஃபியாக் குழந்தை. 2025 மே மாதம் வெளியான செய்தி. அதை இரண்டு தரம் படித்தேன். கல்லீரலில் ஒரு நொதி வேலை செய்யாததால் அம்மோனியா ஏறி மூளையைத் தாக்கும் நோய், சிபிஎஸ்1 குறைபாடு. அந்த ஒரு குழந்தையின் மரபணுவில் இருந்த ஒரே ஓர் எழுத்துப்பிழையைத் திருத்துவதற்கென்றே ஒரு மருந்தை ஆறு மாதத்தில் உருவாக்கி, இதே கொழுப்பு உருண்டையில் ஏற்றி, ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்திருக்கிறார்கள். ஏன் முதலில் கல்லீரல் நோய் என்றால், ரத்தத்துக்குள் போனதும் உருண்டைகள் மேல் ஒரு புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது, அந்தப் புரதத்தைப் பார்த்ததும் கல்லீரல் கதவைத் திறந்துவிடுகிறது. உருண்டைகள் தாமாகவே அங்கே போய்ச் சேருகின்றன. நுரையீரலுக்கோ மூளைக்கோ அனுப்புவது இன்னும் பெரும்பாடு என்று நீ ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். உன் கையெழுத்து இன்னும் அதே கோழிக்கிறுக்கல்தான்.

அதைப் படிக்கும்போது என் மனது வேறு பக்கம் போனது. கைக்குழந்தை. அந்த ரத்தக்குழாய் நூல் மாதிரி இருக்கும். மருந்து ஏறும் நேரம் முழுக்க யாரோ ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சல் பார்த்திருப்பாள், ஊசிக்குழாய் போட்ட இடம் வீங்குகிறதா என்று தொட்டுப் பார்த்திருப்பாள். எங்கள் ஆட்களுக்கு இப்படித்தான் படிக்கத் தெரியும், என்ன செய்ய?

தண்ணீர் பிடிக்கும் அந்தப் பொடி, 2025 வேதியியல் நோபல், உலோகமும் கரிமமும் சேர்ந்த கூண்டுகள். பாலைவனக் காற்றிலிருந்து நீர் எடுக்கிறது என்பதைப் படித்தேன், ரசித்தேன். என் வார்டுக்கு இப்போதைக்கு அதில் ஒன்றும் இல்லை, எனவே அடுத்ததற்குப் போகிறேன்.

சிள்வண்டின் இறக்கை! இதை வார்டில் பாதிப்பேருக்குச் சொல்லிவிட்டேன். 2012இல் கண்டுபிடித்தது. இறக்கையில் நானோ அளவில் கூம்பு கூம்பாக முளைகள். அதன் மேல் வந்து உட்காரும் பாக்டீரியாவின் சவ்வு இரண்டு முளைகளுக்கு நடுவே தொய்ந்து, இழுபட்டு, கிழிந்துவிடுகிறது. மருந்து இல்லை, விஷம் இல்லை. அதைச் சோதிக்க, இறக்கையில் உள்ள வேதிப்பொருள் கிருமியைத் தொடாதபடி மேலே மெல்லிய தங்கப் பூச்சு கொடுத்துப் பார்த்தார்களாம், அப்போதும் கிருமி செத்தது. அந்த ஒரு சோதனையில் எல்லாம் தெளிவாகிவிடுகிறது, பார்த்தாயா? ஆன்டிபயாட்டிக் கேட்காத கிருமிகளோடு நாங்கள் படும் பாட்டுக்கு, கிருமி எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொள்ள வழியே தெரியாத ஓர் ஆயுதம் என்றால் ஆசை வராமல் இருக்குமா? டைட்டானியத்திலும் சிலிக்கானிலும் இதே முளைகளைச் செய்து பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தாய்.

ஆனால் ஒரு கேள்வி. தடித்த சுவர் உள்ள கிருமிகள் அவ்வளவு சுலபமாகக் கிழிவதில்லை என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. அதை விடு. செத்தவை எங்கே போகும்? முளைகளுக்கு நடுவேதானே கிடக்கும்? அந்தப் பிணக்குவியல் மேல் அடுத்த கிருமி சொகுசாக வந்து உட்காராதா? சிறுநீர் வடிய நோயாளிக்குப் போட்ட குழாயை ஒரு வாரம் கழித்து எடுக்கும்போது உள்ளே வெள்ளையாக, மணல் மாதிரி உப்பு படிந்திருப்பதை நீ பார்த்ததில்லை. நான் கையில் பிடித்து நசுக்கியிருக்கிறேன், நறநறவென்று இருக்கும். அந்த மணல் மூடினால் உன் முளைகள் என்ன செய்யும்? ஆய்வகத்தில் சுத்தமான தட்டில் சோதிக்கிறவர்கள் ஒரு தரம் எங்கள் குப்பைக்கூடைக் குழாய்களைக் கேட்டு வாங்கிப் பார்த்தால் நல்லது. குறையாகச் சொல்லவில்லை, ஆசையில் சொல்கிறேன்.

சரி, இப்போது என் முறை. "உங்கள் துறையில் அப்படி என்ன ஆராய்ச்சி நடக்கிறது?" என்று கடைசி வரியில் கேட்டிருந்தாய். கேட்ட விதம் கொஞ்சம் சுருக்கென்றது, ஆனாலும் பதில் சொல்கிறேன்.

பல் துலக்குதல். சிரிக்காதே. ஆஸ்பத்திரியில் வந்து சேரும் நிமோனியா பற்றி 15 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்து அலசிய ஆய்வு 2023 டிசம்பரில் வந்தது. தினமும் பிரஷ்ஷால் பல் துலக்கிவிட்டவர்களுக்கு அந்த நிமோனியா ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஐசியுவில் இறப்பும் குறைந்தது. பலன் முக்கியமாக வென்டிலேட்டரில் இருப்பவர்களிடம் தெரிந்தது, ஒரு நாளைக்கு இரண்டு தடவை போதும், அதற்கு மேல் துலக்கினாலும் கூடுதல் லாபம் இல்லை. பல் மேல் படியும் வழவழப்பான படலம் இருக்கிறதே, அது உன் பாஷையில் பயோஃபிலிம். வாய் கொப்பளிக்கும் மருந்து அதற்குள் நுழையத் திணறும், பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். குழாய் போட்ட வாயில் பிரஷ்ஷை நுழைப்பது எப்படி என்று ஒரு நாள் காட்டுகிறேன். ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் துலக்கி, உறிஞ்சுகுழாயைப் பிடிக்க மூன்றாவது கை தேட வேண்டும்.

அடுத்தது கேனுலா. கையில் போடும் ஐவி ஊசிக்குழாயை மூன்று நாளைக்கு ஒருமுறை கண்டிப்பாக மாற்ற வேண்டும் என்பதுதான் நான் படித்த பாடம். ஆஸ்திரேலியாவில் 3,283 பேரிடம் சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். நாள் கணக்குப் பார்த்து மாற்றினாலும், தேவைப்படும்போது மட்டும் மாற்றினாலும், ரத்தக்குழாய் அழற்சி இரண்டு பக்கமும் அதே 7 சதவீதம். அதற்கு முன்னால் "நாள் ஆகிவிட்டது" என்று மட்டும் சொல்லி எத்தனை கைகளில் மறுபடி குத்தியிருப்பேன், கணக்கே இல்லை.

ஆனால் நான் உன்னிடம் சொல்ல நினைத்தது படுக்கைப்புண் பற்றி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடு, இது எங்கள் தொழிலில் வேதவாக்கு. முன்பு நான் இருந்த ஓர் இடத்தில் இரவில் இரண்டே நர்ஸ்கள், வார்டு நிறைய ஆட்கள். புரட்டிய நேரத்தை எழுத ஒரு சார்ட். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு. உண்மையைச் சொல்கிறேன், உன்னிடம்தான் சொல்ல முடியும். சில இரவுகளில் காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து அந்தக் கட்டங்களை எல்லாம் ஒரே பேனாவால், ஒரே மூச்சில் நிரப்பியிருக்கிறேன். எல்லோரும் செய்தோம். சார்ட் பிரமாதமாக இருந்தது. ஒரு பெரியவரின் இடுப்புக்குக் கீழே தோல் கன்றிச் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன், வெளுக்கவில்லை. அழுத்தி எடுத்தால் வெளுத்து மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்காவிட்டால் உள்ளே சேதம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சார்ட்டில் மட்டும் அவரை இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் புரட்டியிருந்தோம்.

2013இல் ஓர் ஆய்வு வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் 942 பேர். அடர்த்தியான ஃபோம் மெத்தையில் படுக்கவைத்து, சிலரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, சிலரை 3, சிலரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டினார்கள். மூன்று வாரம். புண் வந்த அளவில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மெத்தை நன்றாக இருந்து, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை நிஜமாகவே புரட்டி, தோலைக் கண்ணால் பார்த்திருந்தால் போதுமாக இருந்திருக்கும். நாங்களோ முடியாததை விதியாக்கிவிட்டு, முடிந்ததையும் செய்யவில்லை. ஐசியு நோயாளிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது என்பதும் தெரியும். அங்கே வேறு ஒன்று உண்டு. அதே 2013இல் மெல்பர்னில், காயம்பட்டும் உயிருக்குப் போராடியும் வந்த 440 பேரில் ஒரு பாதிப்பேருக்குப் புண் வருவதற்கு முன்பே வால் எலும்பிலும் குதிகாலிலும் சிலிக்கோன் ஃபோம் டிரெஸ்ஸிங் ஒட்டினார்கள். ஒட்டியவர்களில் 3.1 சதவீதம் பேருக்குப் புண், ஒட்டாதவர்களில் 13.1. ஃபோமின் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதால், தலைப்பக்கம் கட்டிலை உயர்த்தும்போது உடல் கீழே சறுக்கும் இழுவை தோலுக்குப் போகாமல் ஃபோமோடு நின்றுவிடுகிறது. இது உன் துறையா, என் துறையா?

ஆள் பற்றாக்குறைக்கும் ஆய்வு இருக்கிறது. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகள், 300 ஆஸ்பத்திரிகள், அறுவை சிகிச்சைக்கு வந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். 2014இல் வெளியானது. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. இந்த வரியை ஒரு கூட்டத்தில் படித்துக் காட்டினேன். "நல்ல தகவல்" என்றார்கள். அடுத்த மாதப் பட்டியலில் எங்களுக்கு ஆள் ஒன்று குறைந்திருந்தது.

உன்னிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. போன மாதம் ஒரு பாட்டியின் முன்கையிலிருந்து கேனுலா டேப்பை உரித்தேன். எவ்வளவோ மெதுவாகத்தான், ஓரத்தை நனைத்து, தோலை மறுகையால் பிடித்துக்கொண்டுதான் உரித்தேன். வயதான தோல் வெங்காயச் சருகு மாதிரி. டேப்போடு சேர்ந்து ஓர் அங்குலம் வந்துவிட்டது. அவர் "பரவாயில்லை கண்ணு" என்றார், அதுதான் இன்னும் உறுத்துகிறது. 2012இல் அமெரிக்காவில் ஒரு டேப் செய்து பார்த்திருக்கிறார்கள், பிறந்த குழந்தைகளின் தோலுக்காக. மேல்பட்டைக்கும் பசைக்கும் நடுவே ஒரு வழுக்கும் அடுக்கு. இழுத்தால் தோலிலிருந்து பிரியாமல் அந்த நடு அடுக்கில் பிரிந்துவிடும், பசை தோலிலேயே தங்கும், அதை விரலால் உருட்டி எடுத்துவிடலாம். நான் வேலை பார்த்த எந்த வார்டிலும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை.

உன் ஆய்வகத்தில் பசைகளோடு மல்லுக்கட்டுகிறாயே, அந்த மாதிரி ஒன்றை முயன்று பார்ப்பாயா? வியர்வையில் மூன்று நாள் தாங்க வேண்டும், குழாய் அசையக் கூடாது, உரிக்கும்போது தோல் வரக் கூடாது. செய்தால் நாலைந்து துண்டு அனுப்பு. முதலில் என் கையிலேயே ஒட்டி, ஒரு வாரம் டியூட்டி பார்த்து, குளித்து, உரித்துப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
மல்லிகா